நஷ்டஈடு ஏதும் இருப்பின்

'இரவு வாழ்க்கை' என்ற சொல்லுக்கும் பூதலூருக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இங்கே விழித்திருப்பவை ரயில் நிலையமும் கடைத்தெருவில் ஒரு புரோட்டாக் கடையும்தான். ஆனால் தை பிறந்து ஆடி முடிகிற வரை, காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் இடைப்பட்ட இந்தக் கிராமங்களில் ஏதாவது ஒன்று விடிய விடிய விழித்துக்கொண்டிருக்கும். சாமி புறப்பாடு, மேளக் கச்சேரி, கரகம், பொய்க்கால் குதிரை, நாடகம், பாட்டுக் கச்சேரி. இவற்றைச் சுற்றி மைக் செட்காரன், சீரியல் விளக்குக்காரன், ராட்டினம், வளையல் கடை, பலூன், பஞ்சுமிட்டாய். வெளியூர்க்காரன் வருகிறான், காசு செலவழிக்கிறான், பார்க்கிறான், தூங்காமலே விடிகாலை பஸ்ஸைப் பிடித்துத் திரும்புகிறான். கோவாவிலும் பாங்காக்கிலும் சுற்றுலா என்றும் கேளிக்கை என்றும் இரண்டு இலாகாவாகப் பிரித்து வைத்திருக்கும் விஷயம் இங்கே ஒன்றாகக் கிடக்கிறது. திருவிழா என்று அதற்குப் பெயர்.

2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்கள் அந்த இரவுகள் மூடிக் கிடந்தன. உயிரா பிழைப்பா என்று அப்போது எல்லோரும் ஒரு தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தட்டில் உயிர், இன்னொன்றில் காசு. மந்திரியும் நீதிபதியும் தலையங்கம் எழுதுகிறவரும் சிறுபத்திரிகைக்காரரும் அதே படிமத்தைத்தான் உபயோகித்தோம். நான் வங்கியில் குமாஸ்தா. நகை மதிப்பீட்டாளரின் தராசு என் மேஜையிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு: எடை போடுகிறவருடைய நகை அதில் ஏறுவதில்லை. தொற்றுக்கும் திருவிழாவுக்கும் உள்ள உறவின் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க இந்தக் கட்டுரையில் முயல்கிறேன். மூடியது சரியா தவறா என்பது என் கேள்வி அல்ல. சரி என்றே நினைக்கிறேன். மூடியதற்கான செலவு யார் பேரில் எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி.

*

2020 ஆகஸ்ட் மாதம் ஒரு தவில்காரர் எங்கள் கிளைக்கு வந்தார். பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல். என் சித்தப்பா கல்யாணத்துக்கு வாசித்தவர். முகக்கவசத்துக்கு மேல் கண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன்.

"வாங்கண்ணே. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் தம்பி. கூடு கட்டி அஞ்சு மாசமாச்சு. வெரலெல்லாம் மெத்துனு ஆயிப்போச்சு பாருங்க" என்று வலது கையை விரித்துக் காட்டினார்.

மனைவியின் தோடும் ஒரு சங்கிலியும் கொண்டு வந்திருந்தார். பங்குனி முதல் வைகாசி வரை பேசியிருந்த மேளங்கள் எல்லாம் நின்றுபோயின. வெற்றிலை பாக்கோடு வாங்கிய அச்சாரத்தை இரண்டு ஊர் விழாக் குழுக்கள் திருப்பிக் கேட்டன. ஒரு ஊரில், இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். "கேட்டவங்க மேலயும் தப்பு இல்ல தம்பி. வசூலே ஆவல, அவங்க எங்கேருந்து குடுப்பாங்க?" என்றார்.

அவருக்குத் தெரியாத ஒரு செய்தி என்னிடம் இருந்தது. ஆகஸ்ட் 6ந் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு செய்திருந்தது. விவசாயம் அல்லாத காரியங்களுக்காக வங்கிகள் தரும் நகைக்கடனில் அதுவரை நகை மதிப்பில் 75 சதவிகிதம்தான் கொடுக்கலாம். 2021 மார்ச் 31 வரை அதை 90 சதவிகிதமாக உயர்த்தியிருந்தார்கள். தொற்றினால் சிரமப்படும் குடும்பங்களுக்கு உதவி என்பது அதன் நோக்கம். நான் அதை அவரிடம் சந்தோஷமாகவே சொன்னேன். முன்பு கிடைத்திருக்கக்கூடியதைவிட அவருக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று ராத்திரிதான் அது எனக்கு உறைத்தது. ஊருக்கு நோய் வரக்கூடாது என்பதற்காக அவருடைய பருவம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு ஈடாக, அவருடைய தோட்டையே இன்னும் ஆழமாக அடகு வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு வட்டியும் உண்டு.

*

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5ந் தேதி, இருபத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு நடந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் முதல் நோயாளி மார்ச் 7ந் தேதி. மார்ச் நடுவில் தொல்லியல் துறை தன் பொறுப்பில் உள்ள சின்னங்களை எல்லாம் மூடியபோது பெரிய கோயிலும் மூடியது. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு.

மே 7ந் தேதி, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டன. ஒரே நாளில் நூறு கோடி ரூபாய்க்கும் மேல் வியாபாரம். இடைவெளி காக்கப்படவில்லை என்று மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் போய் 15ந் தேதி தடை உத்தரவு வாங்கி மறுநாள் கடைகளைத் திறந்துவிட்டது. ஜூலை 1 முதல் கிராமங்களில் சிறு கோயில்களைத் திறக்கலாம் என்றார்கள். எது சிறு கோயில் என்பதற்கு அரசு கண்ட அளவுகோல், ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. கூட்டத்தை வருமானத்தை வைத்து அளந்தார்கள். நிர்வாக ரீதியில் புத்திசாலித்தனமான வழிதான். பெரிய கோயில்கள் செப்டம்பர் 1ந் தேதி திறந்தன. ஆனால் கோயில் திறப்பது வேறு, திருவிழா நடப்பது வேறு. கதவு திறந்தாலும் இரவு திறக்கவில்லை.

நடுவில் ஆடிப்பெருக்கு வந்து போயிற்று. எட்டு வருஷங்களாக நடக்காத ஒன்று அந்த வருஷம் நடந்தது: மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ந் தேதியே திறக்கப்பட்டது. கல்லணை ஜூன் 16ல் திறந்தது. ஆடிப் பதினெட்டு அன்று ஆறு நிறையத் தண்ணீர். ஆகஸ்ட் 2ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்து ஞாயிறுகள் அத்தனையும் முழு ஊரடங்கு. தண்ணீர் இல்லாத வருஷங்களில் மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி, குடத்தில் பம்புசெட் தண்ணீர் கொண்டுவந்து, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்ட பெண்கள், ஆறு வந்த வருஷம் கொல்லைக் குழாயடியில் கும்பிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் வேளாங்கண்ணியில் யாத்ரீகர்கள் இல்லாமல் கொடி ஏறியது. செங்கிப்பட்டி, வல்லம் வழியாக வருஷா வருஷம் காவி உடுத்தி நடந்துபோகும் கூட்டம் போகவில்லை. வழியில் இளநீரும் டீயும் விற்கிறவர்களுக்கு அந்தப் பத்து நாள்தான் தீபாவளி.

*

மூடியது சரி என்று சொன்னேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சரித்திரம் தெரியாமல் 'எல்லாம் பயமுறுத்தல்' என்று சொல்வது சுலபம்.

1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போடப்பட்ட ரயில் பாதை பூதலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பாதை திருவிழாக்களின் அளவை மாற்றியது. மூன்று நாள் நடந்து போன ஊருக்கு மூன்று மணி நேரத்தில் போகலாம். நோயும் அதே டிக்கெட்டில் பிரயாணம் செய்தது. 1817ல் வங்காளத்தில் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பிய காலரா மறு வருஷமே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது; அது நடந்தும் வண்டி கட்டியும் வந்த காலரா. 1867 ஏப்ரலில் ஹரித்வார் கும்பமேளாவுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பியபோது வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, ஆசியக் காலராவின் ஊற்றுக்கண் இந்தியா என்றும், அது பரவப் பெருங்காரணம் யாத்திரைகள் என்றும் சொல்லியிருந்தது. லண்டனில் ஜான் ஸ்னோ 1854லேயே குடிநீரின் மேல் சந்தேகத்தைத் திருப்பியிருந்தார். 1884ல் கல்கத்தாவில் குளத்துத் தண்ணீரில் ராபர்ட் கோஹ் அந்தக் கிருமியைக் கண்டார். திருவிழாக் கூட்டத்தில் நோய் பெருகும் என்பது கட்டுக்கதை இல்லை. நம் பாட்டிகளுக்குக் கிருமி தெரியாமல் இருக்கலாம், 'வாந்திபேதி' எந்த மாதத்தில் எந்தத் திருவிழாவுக்குப் பின் வரும் என்பது தெரியும்.

ஆனால் அப்போதும் எடை போட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய நாடுகள், இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களைத் தனிமைப்படுத்தி நிறுத்த வேண்டும் என்றபோது பிரிட்டன் வருஷக்கணக்கில் எதிர்த்தது. காரணம் வியாபாரம். இந்திய சர்க்காரின் சுகாதார அதிகாரிகளில் மேலிடத்தில் இருந்தவர்களே காலரா ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது என்ற கொள்கையை மறுத்து வந்தார்கள். அதே சர்க்கார் 1892ல் ஹரித்வாரில் மகாவாருணி ஸ்நானத்துக்குக் கூடிய ஜனங்களைக் காலராவைக் காரணம் காட்டிக் கலைத்துத் திருப்பி அனுப்பியது. கப்பலுக்கு ஒரு விஞ்ஞானம், யாத்ரீகனுக்கு ஒரு விஞ்ஞானம். நடுவில் ரயில்வே. மூன்றாம் வகுப்புக் கூட்டத்தின் காசில்தான் ரயில் கம்பெனிகளின் பிரயாணி வருமானம் பெரும்பகுதியும் வந்தது. கூட்டத்தைக் குறைக்கச் சொல்லும் சுகாதார அதிகாரியும் ஸ்பெஷல் ரயில் விடுகிற டிராஃபிக் அதிகாரியும் ஒரே சர்க்காரின் நிழலில் இருந்தார்கள்.

பம்பாயில் பிளேக் பரவிய பிறகு 1897 பிப்ரவரி 4ந் தேதி தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. நூற்று இருபத்து மூன்று வருஷம் கழித்து, 2020 மார்ச்சில், மாநில அரசுகள் தூசி தட்டி எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். மிகச் சிறிய சட்டம், அப்போது நாலே பிரிவுகள். சர்க்கார் தேவை என்று கருதும் எந்தத் தற்காலிக ஒழுங்கையும் விதிக்கலாம். மீறினால் தண்டனை. நல்ல எண்ணத்தோடு செயல்பட்ட எவர் மீதும் வழக்குப் போட முடியாது. இவ்வளவும் தெளிவாக இருக்கிறது. இரண்டாம் பிரிவில், ஏற்படும் செலவுகளை யார், எவ்விதம் ஏற்பது என்பதையும் சர்க்காரே தீர்மானிக்கலாம் என்று வரும் இடத்தில், ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. நஷ்டஈடும், அப்படி ஏதும் இருப்பின், அந்தச் செலவுகளில் சேரும் என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் விஷயம்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். 'ஏதும் இருப்பின்' என்ற இரண்டு சொற்களின் தொனி எனக்குப் பிடிபட்டது. கொடுக்க மாட்டோம் என்று அது சொல்லவில்லை. கொடுப்போம் என்றும் சொல்லவில்லை. ஒரு வாசகத்தின் நடுவில், குரலைத் தாழ்த்தி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லப்படுகிற விஷயம். மூடும் அதிகாரத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மூடப்பட்டவனுக்கு இடம் அடைப்புக்குறிக்குள்.

*

இதற்கு மாறான ஒரு வழி இருந்ததா? தஞ்சாவூரிலேயே ஒரு பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. 1799 உடன்படிக்கையில் நாட்டைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கோட்டையோடு நின்றுபோன இரண்டாம் சரபோஜி, 1801ல் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வர யாத்திரைப் பாதையில் தன் முன்னோர் ஏற்படுத்திய சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் கம்பெனி கை வைக்காமல் விட வேண்டும் என்பது கோரிக்கை. அங்கே என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். எல்லா ஜாதியாருக்கும் சோறு, சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசி பருப்பு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூப்பிடுவது. நோயில் விழுந்து மேலே போக முடியாதவர்களுக்கு வைத்தியர், மருந்து, பத்தியம். வழியில் பிரசவமாகும் பெண்களுக்கு, அநாதைக் குழந்தைகளுக்குப் பராமரிப்பு.

இதை வைத்துப் பழம்பெருமை பேச எனக்கு உத்தேசம் இல்லை. ஊரடங்குக் காலத்தில் வேப்பிலைத் தோரணமும் காப்புக்கட்டுமே தனிமைப்படுத்தல்தான், முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று நிறையப் பேர் எழுதினார்கள். காப்புக் கட்டிய ஊரிலிருந்து வெளியே தங்கக்கூடாது என்பது உண்மை. காப்புக் கட்டிய எட்டாம் நாள் அதே ஊருக்குள் சுற்றுவட்டாரமே வந்து இறங்கும் என்பதும் உண்மை. சத்திரமும் அப்படித்தான். சோற்று வரிசையில் ஜாதி இருந்தது. 1818க்குப் பிறகு காலரா தெற்கே நடந்து வந்த பாதையில் இந்தச் சத்திரங்களும் இருந்தன. ஆயிரம் பேர் ஒரே குளத்தில் தண்ணீர் மொண்ட இடங்களில் நோய் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கக் கோஹ் தேவையில்லை.

இருந்தாலும் அந்தக் கடிதத்தில் ஒரு கணக்கு முறை இருக்கிறது. ஜனங்கள் யாத்திரை போவார்கள் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. போகிறவர்களில் சிலர் நோயில் விழுவார்கள் என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் ஆகிற செலவை ஒரே நிலத்தின் வருமானத்திலிருந்து எடுக்கிறது. யாத்திரையை வரவாகவும் நோயைச் செலவாகவும் வெவ்வேறு ஆட்களின் பேரில் எழுதும் பழக்கம் அதில் இல்லை.

இன்னொரு உதாரணம் நான் பி.ஏ.யில் படித்த ஊரிலிருந்து. பிளேக் வந்தால் லண்டனில் முதலில் மூடப்படுபவை நாடகக் கொட்டகைகள். 1592லிருந்து 1594 வரை பெரும்பகுதி காலம் மூடிக் கிடந்தன. ஷேக்ஸ்பியர் இரண்டு நெடுங்கவிதைகளை அச்சில் கொண்டுவந்தது அப்போதுதான். 1603ல் மறுபடி பிளேக், மறுபடி மூடல். அப்போது பிளேக் மரணம் வாரத்துக்கு இத்தனைக்கு மேல் போனால் கொட்டகை மூட வேண்டும் என்று ஓர் எண்ணிக்கையே பேசப்பட்டது. முப்பது என்பது அதில் ஒன்று. நிபந்தனை கடுமைதான், ஆனால் நடிகனுக்கு அது முன்கூட்டியே தெரியும். 1604 பிப்ரவரியில் அரண்மனைக் கணக்கில் இன்னொரு பதிவு இருக்கிறது: பிளேக் காரணமாக லண்டனில் நாடகம் போட முடியாமல் போன அரசனின் குழுவுக்கு, அதன் ஜீவனத்துக்காக, ரிச்சர்ட் பர்பேஜ் கையில் 30 பவுன். ஷேக்ஸ்பியர் அந்தக் குழுவின் பங்காளி. உலக இலக்கியத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த நஷ்டஈடு என்று இதைச் சொல்லலாம். ஆனால் அது அரசனின் சொந்தக் குழுவுக்கு மட்டும். தெருவில் குட்டிக்கரணம் போட்டவனுக்கும் கரடி வித்தை காட்டியவனுக்கும் அந்தக் கணக்கில் பதிவு இல்லை.

*

2021க்கு வருகிறேன். மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தொற்று கண்டது. அப்போதே தேர்தல் பிரசாரமும் உச்சத்தில் இருந்தது. வேனும் மேடையும் கூட்டமும் ஊர் ஊராகப் போயின. அந்த மேடைகளுக்கு முன்னால் கூட்டம் சேர்க்கக் கரகமும் தப்பும் வாசித்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களே உண்டு. ஏப்ரல் 6ந் தேதி வாக்குப்பதிவு. ஏப்ரல் 10ந் தேதி முதல் திருவிழாக்களுக்கும் மதக் கூட்டங்களுக்கும் தடை.

நாலு நாள் இடைவெளி. இதைப் பார்த்துத்தான் மாவட்டம் மாவட்டமாக நாட்டுப்புறக் கலைஞர்கள் வாத்தியங்களோடு ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போனார்கள். ஒப்பனையோடு போய் வாசலில் வாசித்துக்காட்டி மனு கொடுத்தவர்கள் உண்டு. ஒரு வருஷம் போய்விட்டது, இதுவும் போனால் எப்படி என்பது அவர்கள் கேட்டது. அதே வாரத்தில் ஹரித்வாரில் கும்பமேளா நடந்தது. ஏப்ரல் 12லும் 14லும் லட்சக்கணக்கானவர்கள் கங்கையில் இறங்கினார்கள். 1892ல் அந்நிய சர்க்கார் கலைத்த ஊரில், 2021ல் நம்முடைய அரசு கலைக்கவில்லை. பிரதமர் மேளாவை அடையாளபூர்வமாக முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது 17ந் தேதிதான். அங்கே திறந்து வைத்ததற்கான விலையும் திறந்தவர்களின் கணக்கில் எழுதப்படவில்லை.

இங்கே தடை சரியானது என்பதை மே மாதம் நிரூபித்தது. எங்கள் கிளையில் எனக்கு அடுத்த கவுண்ட்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் பத்து நாள் ஆக்ஸிஜனில் இருந்து இறந்துபோனார். அவர் இடத்தில் ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை. ஆகவே 'திருவிழாவை நடத்தியிருக்க வேண்டும்' என்று என்னால் எழுத முடியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் எழுத முடியாது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2021ல் இரண்டு தவணையாக 4,000 கொடுத்தார்கள். நல வாரியத்தில் பதிந்த கலைஞர்களுக்குத் தனியாகவும் உதவி இருந்தது. ஆனால் இவை எல்லோருக்கும் பொதுவாக, கருணையின் பேரில், கொடுக்கப்பட்டவை. உன்னுடைய இந்த அறுபது இரவுகளை நாங்கள் எடுத்துக்கொண்டோம், அதற்கு இது ஈடு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பதிவு செய்யாத மைக் செட்காரனிடமும், பதிவு செய்யவே வழியில்லாத பலூன்காரனிடமும் சொல்லும் பேச்சே இல்லை. டாஸ்மாக் திறந்தது கஜானாவுக்காக. கஜானா நிறைந்தால்தான் ஆஸ்பத்திரி நடக்கும் என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அதன் மறுபக்கம் இது: கஜானாவுக்கு வரவு தராத இரவுகளை மூடி வைப்பதில் அரசுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாதவனுக்குத் திறக்க அவசரமும் இல்லை, ஈடு செய்ய நினைவும் இல்லை.

*

இதுவரை அரசைப் பற்றிச் சொன்னேன். நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊரடங்கு நாட்களில் நம் வட்டத்தில் நிறையக் கவிதைகள் எழுதப்பட்டன. வெறிச்சோடிய தெரு, ஜன்னல், தெளிந்த ஆறு, திரும்பி வந்த பறவை, அறைக்குள் தன்னைத் தானே சந்தித்தல். கட்டுரைகளில் காம்யு வந்தார். 1947ல் வெளியான 'கொள்ளைநோய்' நாவலை நானும் அப்போது மறுபடி படித்தேன். அதில் ஒரு சின்னப் பகுதி: நகரம் மூடப்பட்டபோது உள்ளே அகப்பட்டுக்கொண்ட ஓர் இசை நாடகக் குழு, ஊருக்குப் போக வழியில்லாமல், வாரம் ஒருமுறை அதே ஆர்ஃபியஸ் நாடகத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒருநாள் பாடகன் மேடையிலேயே சரிந்து விழுகிறான். இதைப் படிக்கும் நாமெல்லாம் குறியீட்டைப் பார்த்தோம். அந்தக் குழு ஏன் வாரா வாரம் நாடகம் போட வேண்டியிருந்தது, அகப்பட்டுக்கொண்ட ஊரில் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எப்படி ஆயிற்று என்று நான் யோசித்தது தவில்காரர் வந்து போன பிறகுதான்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 சித்திரையில் நான் சந்தோஷமாக இருந்தேன். எங்கள் தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். பத்து நாள் விடியற்காலை நாலரை மணிக்கே குழாய் ஒலிபெருக்கி அலற ஆரம்பித்துவிடும். படிக்க முடியாது, எழுத முடியாது. அந்த அலறலை நாகரிகமின்மை என்றே நான் பல வருஷங்களாகப் பேசி வந்திருக்கிறேன். அந்த வருஷம் அது இல்லை. வங்கி நேரம் குறைவு. திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். இப்படியே இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நண்பருக்குக் கடிதம்கூட எழுதினேன்.

நான் தராசில் எதை வைத்தேன் என்று இப்போது பார்க்கிறேன். ஒரு தட்டில் ஜனங்களின் ஆரோக்கியம். மறு தட்டில் எனக்கு ஏற்கெனவே பிடிக்காத சத்தம். அந்தச் சத்தம் ஒருவருடைய சம்பளம் என்பது என் ரசனைக்குத் தெரிந்திருக்கவில்லை. நாம் பிறரைப் பார்த்துச் சொல்லும் 'பிரக்ஞையின்மை' என்ற சொல் இந்த இடத்துக்குப் பொருந்தும். திருவிழாவை மதம் என்று ஒருவரும், கலாசாரம் என்று இன்னொருவரும், மூடத்தனம் என்று மூன்றாமவரும் எடை போட்டார்கள். கூலி என்று எடை போட்டவர்கள் அதில் கூலி வாங்குகிறவர்கள் மட்டும்தான். மூடும் முடிவை நோயைப் பற்றிய அறிவு எடுத்தது; அதை நான் எதிர்க்கவில்லை. மூடியதை மறப்பதற்கு என் போன்றவர்களின் ரசனையும் உதவியது.

அந்த நகைக்கடனின் கதையை முடித்துவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் உச்சத்தில் இருந்த தங்க விலை 2021 மார்ச்சுக்குள் கணிசமாக இறங்கிவிட்டது. 90 சதவிகிதம் வாங்கியவர்கள் நகையின் விலைக்கு மிக அருகில் கடனை வைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது பருவமும் போனதால் அந்த ஆகஸ்டில் அவரால் திருப்ப முடியவில்லை. வட்டியை மட்டும் எங்கிருந்தோ புரட்டிக் கட்டி மறுபடி வைத்தார். 2022 பங்குனியில் மேளம் திரும்பியது. எங்கள் தெரு மாரியம்மனுக்கும் அவர்தான் வாசித்தார். ஒலிபெருக்கியில் நாலரை மணிக்கு முதலில் கேட்டது அவருடைய தவில். வைகாசிக் கடைசியில் வந்து தோட்டையும் சங்கிலியையும் மீட்டுக்கொண்டு போனார். மதிப்பீட்டாளர் எடை பார்த்துக் கொடுத்தார். வைத்தபோது இருந்த எடைதான், குறையவில்லை.

இரண்டு வருஷ வட்டிக்கு நான் ரசீது எழுதினேன். கட்டியவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுத முடியும். வேறு பெயர் எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.